ஏழு பொட்டு

"இழுக்காத குளோரி. இழுத்தா நகமே வந்துரும்."

டிரேவர் பல்லைக் கடித்தபடி சொன்னான். குளோரியா கையை எடுத்துவிட்டாள். கணவனின் இடது ஆள்காட்டி விரல் நுனி இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே மாட்டியிருந்தது. தகடு ஒன்றும் பெரிதல்ல, பேக்கரியில் விற்கும் வெண்ணெய் பிஸ்கட் அளவுதான். ஆனால் ஒவ்வொன்றின் உட்புறமும் ஏழு காந்தப் பட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. பதினான்கும் சேர்ந்து விரலைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்றன.

அவள் சமையலறைக்கு ஓடி இரும்புத் தோசைக் கரண்டியை எடுத்து வந்தாள். நெம்பிப் பார்க்கலாம் என்று பக்கத்தில் கொண்டுபோனதுதான் தாமதம், கரண்டி அவள் பிடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்த் தகட்டோடு ஒட்டியது. அந்த அடி விரலுக்குப் போய்ச் சேர, டிரேவர் மேசைமேல் தலையைச் சாய்த்தான்.

"இரும்பு எடுத்துனு வராத. மரம். மரமா ஏதாவது."

"மரத்துக்கு நான் எங்க போவேன்?"

"பக்கத்து ஊட்டுல சவப்பெட்டி செய்ற ஆள வெச்சுக்கினு மரத்துக்கு எங்க போவேன்ற."

உயிர் போகிற வலியிலும் அவன் வாய் அப்படித்தான். கதவில் நனைத்துத் தொங்கவிட்டிருந்த போர்வையை விலக்கிக்கொண்டு குளோரியா சந்துக்கு வந்தாள். சனிக்கிழமை காலை எட்டேகால். மர்பி டவுன் முழுக்கத் தூறல். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும், இவ்வளவு நேரம் தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குள் ஒரு வாரமாக ஜன்னல் திறக்கவில்லை, மின்விசிறி ஓடவில்லை. தூசி வரக்கூடாது. ஒரு முடி விழக்கூடாது. அவள் தலையில் இப்போதும் குளியல் தொப்பி இருந்தது.

"சிரில் அண்ணா, கொஞ்சம் வாங்க. இவரு கைய மாட்டிக்கினாரு."

பக்கத்துக் கொட்டகையில் ரம்பச் சத்தம் நின்றது. சிரில் ஆசாரி காதில் பென்சிலோடு எட்டிப் பார்த்தார். கோயில் தெருவில் யார் செத்தாலும் பெட்டி அவரிடம்தான். அந்தப் பெட்டிகளில் மிஞ்சும் தேக்குத் துண்டில்தான் டிரேவர் வீட்டில் செய்யும் ஹெட்போனுக்குக் காதுக் கிண்ணம் கடைந்து கொடுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு மர ஆப்புகளையும் மரச் சுத்தியலான கொட்டாப்புளியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னாப்பா, காதுல மாட்டற சாமான கைல மாட்டிக்கினு குந்திக்கினு கீற."

"அண்ணா, ஜோக்கு அப்புறம். தூக்காதீங்க. நேரா தூக்கினா வராது. சைடுல தள்ளணும். ஒரு வரிசை மட்டும்."

"கொட்டாப்புளி வெச்சு தட்டட்டா?"

"தட்டுங்க. மெல்லமா."

சிரில் ஆப்பை வைத்தார். குளோரியா கீழ்த் தகட்டைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டாள். ஒரு தட்டு. அசையவில்லை. இரண்டாவது தட்டில் மேல் தகடு ஒரு நெல்மணி அகலம் நகர்ந்தது. டிரேவரின் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது தட்டு விழுந்ததும், இவ்வளவு நேரம் கவ்விக்கொண்டிருந்த இரண்டும் திடீரென்று ஒன்றையொன்று உதறித் தள்ளின. மேல் தகடு தோசைக் கரண்டியோடு எகிறிப் போய் மூலையில் இருந்த இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது.

விரல் வெளியே வந்தது. நகம் பாதி பிளந்து, நுனி கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது.

யாரும் விரலைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் மேசையைத்தான் பார்த்தார்கள். கீழ்த் தகட்டின்மேல் கிடந்த ஃபிலிம் குறுக்காகக் கிழிந்திருந்தது.

ஹெட்போனில் இரண்டு தகடுகளுக்கும் நடுவே அதிர்ந்து பாடுவது, வெங்காயச் சருகைவிட மெல்லிய அந்தத் தாள்தான். அதன் ஒரு முகத்தில் தாமிரக் கோடு, கொசுவர்த்திச் சுருளைச் சதுரமாக வளைத்த மாதிரி. அச்சடித்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய பழுப்புத் திரவத்தில் ஊறவைத்து, கோடு மட்டும் மிஞ்சும்படி அரித்தெடுப்பான் டிரேவர். அதற்குப் பிறகு அவன் கை உதவாது. ஃபிலிமைச் சட்டத்தில் இழுத்து ஒட்டுவது குளோரியா. கொஞ்சம் தளர்ந்தால் சத்தம் கரகரக்கும், கொஞ்சம் இறுகினால் அடித்தொண்டையே வராது. பன்னிரண்டு வருஷம் கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைத்த விரல் அவளுடையது. நாலு மூலையும் இழுத்து, நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, "ஆச்சு" என்பாள். அவள் ஆச்சு என்றால் ஆச்சு.

"இது எத்தனாவது ஃபிலிமு?" என்றார் சிரில்.

"பதினொண்ணு," என்றான் டிரேவர். "கையில இருந்ததுல கடைசி."

சிரில் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். மல்லேஸ்வரத்துக்கு இவர்களை ஏற்றிப் போகப் பத்தரைக்கு ஆட்டோ சொல்லி வைத்திருந்தது அவர்தான். அங்கே பன்னிரண்டு மணிக்கு ப்ரஹ்லாத் காத்திருப்பான். முப்பது வயசுப் பையன், சொந்தமாக ஹெட்போன் கம்பெனி. சத்தம் எழுப்பும் பாகத்தை, டிரைவர் என்பார்கள், வெளிநாட்டிலிருந்து வாங்கி மாட்டி விற்றுக்கொண்டிருந்தவன், டிரேவர் செய்த ஹெட்போனின் இடது காதுப் பாகத்தை மட்டும் ஒரு நாள் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான், ரெண்டு காதும் ஒரே மாதிரி பாடினால் மாசம் இருபது ஜோடி வேண்டும், வருஷக் கணக்கில் வேண்டும் என்று.

பீன்யாவில் ஸ்பீக்கர் கம்பெனி மூடிய நாளிலிருந்து டிரேவர் காத்திருந்த வார்த்தை அது. பத்தொன்பது வருஷம் அங்கே ஸ்பீக்கருக்குக் கம்பிச் சுருள் சுற்றிய மனிதன், நாலு வருஷமாக மனைவி சம்பளத்தில் காப்பி குடிக்கிறோமே என்று தம்ளரைக்கூட மெதுவாக வைப்பவன். போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வரும் வழியிலேயே திட்டம் போட்டு முடித்துவிட்டான்.

"இருபது ஜோடின்னா நாப்பது ஃபிலிமு குளோரி. நீ இனிமே பஸ்ஸுல தொங்கினு போக வேணாம். ஊட்லயே குந்திக்கினு ஒட்டு. ராணி மாதிரி."

ராணி தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். ஒன்றாம் தேதியிலிருந்து அவளை லைன் சூப்பர்வைசராகப் போடப் போவதாக ஃப்ளோர் மேனேஜர் லீனா மேடம் சொல்லியிருந்தார். கழுத்தில் சிவப்புக் கயிறுக்குப் பதிலாக நீலக் கயிறு அட்டை. அறுபது மெஷினுக்கு நடுவில் நடந்துகொண்டே இருக்கலாம். மத்தியானம் ஒரு மணிக்கு அறுபது டப்பா திறக்கும், யார் வீட்டுப் பொரியல் யார் தட்டில் விழுகிறது என்று கணக்கே கிடையாது. இதையெல்லாம் விட்டுவிட்டு, ஜன்னல் சாத்திய பத்துக்குப் பத்து அறையில், தலையில் தொப்பியோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாசம் நாற்பது ஃபிலிம். ஹெட்போன் பாடினால் அது. பாடாவிட்டால் நீலக் கயிறு.

"மொதல்ல கைய காட்டுங்க," என்றாள். மஞ்சள் தண்ணீரில் விரலைக் கழுவி, சுத்தமான துணி கிழித்துக் கட்டினாள்.

"வலிக்குதா?"

"வலி கெடக்குது. அது ஏன் இழுத்துச்சு, அத சொல்லு."

"எது?"

"தகடு. ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளணும். அதான் கணக்கு. சண்ட போட்ட சம்பந்திங்க மாதிரி மூஞ்ச திருப்பிக்கினே இருக்கணும், நான் ஸ்க்ரூ போட்டு பக்கத்துல குந்த வெக்கணும். லெஃப்டு அப்டித்தான் இருந்துச்சு. நீ டூட்டிக்கு போயிருந்த, பாக்கல. ஒடம்பு மொத்தமும் போட்டு அமுக்கினேன் அன்னிக்கு. இன்னிக்கும் அதே மாதிரி தம் கட்டி அமுக்கினேன். இது தள்ளவே இல்ல. லபக்குனு புடிச்சிக்கிச்சு. நான் அமுக்கின வெயிட்டும் சேந்து எறங்கிச்சு."

"சரி, அத அப்புறம் பாக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"இரு. ஒரு வரிசை தள்ளினதும் உதறிச்சு பாத்தல்ல. அப்டின்னா ஒண்ணு ரெண்டு காந்தம் மாறல. ஒரு தகடு முழுக்க தலகீழா கீது."

"உப்பிட்டு ஆறுது. ஒரு வாய் துன்னுட்டு யோசிங்களேன்."

சிரில் நடுவில் புகுந்தார். "நீ தானேப்பா ஒட்டின?"

"ஒட்டினது நான். பொட்டு பாத்து ஒட்டினேன்."

பொட்டு வைப்பது குளோரியாவின் வேலை. காந்தத்தின் எந்த முகம் வடக்கு, எந்த முகம் தெற்கு என்று பார்த்தால் தெரியாது. மகள் ஜூடித் ஆறாம் வகுப்பில் பூகோளத்துக்கு வாங்கிய சின்னக் காம்பஸ் ஒன்று வீட்டில் கிடந்தது. காந்தத்தை அதன் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் காட்டினால், முள்ளின் சிவப்பு முனை எந்த முகத்தைப் பார்த்துத் திரும்புகிறதோ அந்த முகத்தில் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு. முதல் வரிசை பொட்டு மேலே, அடுத்தது பொட்டு கீழே என்று மாற்றி மாற்றி டிரேவர் ஒட்டிக்கொண்டு போவான். நெற்றியில் வைக்காத பொட்டைக் காந்தத்துக்கு வைக்கிறாள் பார் என்று சிரில்கூடக் கிண்டல் செய்வார். இன்று அவர் அந்தக் கிண்டலை எடுக்கவில்லை.

டிரேவர் குளோரியாவை நிமிர்ந்து பார்த்தான்.

"இந்த தகட்டுக்கு எப்ப பொட்டு வெச்ச?"

"செவ்வாக்கெழம. திங்கக்கெழம புதுசா ஏழு காந்தம் வாங்கினு வந்தீங்களே, அது."

"பாத்துத்தான வெச்ச?"

"பாக்காம எப்பிடி வெப்பாங்க?"

அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சிரில் கூரையைப் பார்த்தார். டிரேவர் எழுந்து அலமாரியிலிருந்து காம்பஸை எடுத்தான். குளோரியா கிழித்த துணியின் மிச்சத்தைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

செவ்வாய்க்கிழமைத் தகட்டை எடுத்து ஒரு சாண் தள்ளிக் காட்டினான். சிவப்பு முனை பொட்டைப் பார்த்துத் திரும்பியது.

"சரியாத்தான் கீது," என்றார் சிரில்.

"இருங்க." அதன் ஜோடியான இன்னொரு தகட்டை எடுத்தான். இரண்டு வாரம் முன்னால், இடது காதோடு சேர்த்துச் செய்து வைத்தது. அதைக் காட்டினான். சிவப்பு முனை பொட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வால் பக்கத்தைக் காட்டியது.

டிரேவர் காம்பஸோடு போர்வையை விலக்கிக்கொண்டு சந்துக்கு ஓடினான். தூறலில் நின்று காம்பஸை உள்ளங்கையில் வைத்தான். இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். அந்த வீட்டு வாசல் கிழக்கு. வெளியே பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் சமையலறை, வலது கைப் பக்கம் பாத்ரூம். சிவப்பு முனை சமையலறையைக் காட்ட வேண்டும்.

முள் ஆடி ஆடி நின்றது. சிவப்பு முனை பாத்ரூமைக் காட்டியது.

"அடப்பாவி," என்றான் டிரேவர். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கட்டுப் போட்ட விரலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு சிரித்தான்.

"இன்னாப்பா ஆச்சு?"

"காம்பஸே பொரண்டு போச்சுண்ணா. பவர்ஃபுல் காந்தம் பக்கத்துல ஒட்டி கெடந்தா முள்ளு தலகீழா மாறிரும். திங்கக்கெழம எஸ்.பி. ரோட்ல செக் பண்ண எடுத்துனு போனேன். வரும்போது சட்ட பாக்கெட்லயே காந்தத்தோட சேத்து போட்டுக்கினேன். நாந்தான். என் பாக்கெட்ல தான் பொரண்டுச்சு." குளோரியாவின் பக்கம் திரும்பினான். "உன் மேல ஒரு தப்பும் இல்ல குளோரி. முள்ளு காட்டினத நீ வெச்ச. நான் பாரு, ஒரு நிமிசம் உன்ன போய்..."

"பரவால்ல."

"பரவால்லன்னு சொல்லாத. ஒரு நிமிசம் தப்பா நெனச்சிட்டேன்."

"நனையாதீங்க. உள்ள வாங்க."

சிரில் ஆட்டோக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதாகப் போனார். உள்ளே வந்ததும் குளோரியா உப்பிட்டைத் தட்டில் போட்டு, அவன் வலது கைப் பக்கம் ஸ்பூனை வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவன் போனை எடுத்தான். ப்ரஹ்லாதைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், நமஸ்கார. டிரேவர்."

"ஹேளி, சொல்லுங்க டிரேவரே. கெளம்பிட்டீங்களா?"

"இல்ல சார். சின்ன ஆக்சிடென்ட். ரைட் சைடு அசெம்பிளி பண்றப்ப ஃபிலிம் போச்சு. என் மிஸ்டேக்."

குளோரியா தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறான். பரவாயில்லை டிரேவரே, நாங்கள் வெளிநாட்டிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லப்போகிறான். அதற்கப்புறம் இந்த ஜன்னலைத் திறக்கலாம்.

"கைக்கு ஒண்ணும் இல்லயே?" என்றான் ப்ரஹ்லாத்.

"இல்ல சார்."

"அப்ப அர்ஜென்ட் இல்ல. லெஃப்டு நான் கேட்டாச்சு. அத கேட்டப்புறம் வேற எதுவும் காதுல ஏற மாட்டேங்குது. புதன்கிழமை வாங்க. ஃபிலிம் நானே இன்னிக்கு சாயந்தரம் ஒரு ரோல் அனுப்பறேன். உங்க மிசஸ்தானே ஃபிலிம இழுத்து டென்ஷன் வெக்கறது? அவங்ககிட்ட சொல்லுங்க, எக்ஸலன்ட் வொர்க்."

"சொல்றேன் சார்." டிரேவரின் கண் கலங்கியிருந்தது. போனை வைத்தான். "கேட்டியா? எக்ஸலன்ட்டாம். ஒரு ரோலு அனுப்பறாராம் குளோரி. ஒரு ரோல்ல எரநூறு ஃபிலிமு வரும்."

"எரநூறா."

"இந்த வாட்டி காம்பஸ நானே செக் பண்ணிக்கிறேன். தெனமும் வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் தொடறது. இனிமே தப்பே வராது. சிரில் அண்ணங்கிட்ட உனக்கு தனியா ஒரு மேச சொல்லணும். அந்த ஜன்னல ஆணி அடிச்சே மூடிரலாம், தூசி தொல்ல வேணாம்."

குளோரியா ஜன்னலைப் பார்த்தாள். சாத்திய பலகைகளுக்கு நடுவே ஒரு நூல் அளவு வெளிச்சம் இருந்தது.

"புதன்கிழம எனக்கு டூட்டி," என்றாள். "இன்னும் நாலு நாள்ல ஒண்ணாம் தேதி. லீனா மேடம் அன்னிக்கு ட்ரெயினிங் வெச்சிருக்காங்க."

டிரேவர் உப்பிட்டை மென்று விழுங்கினான். முகத்தில் ஒரு பெருமை, பிள்ளைக்குப் பரிசு வாங்கி ஒளித்து வைத்தவன் முகம் மாதிரி.

"உங்கிட்ட சொல்லவே இல்லல்ல. நேத்து சாயந்தரம் கோயில் வாசல்ல லீனா மேடத்த பாத்தேன். நாங்க சொந்தமா தொழில் ஆரம்பிக்கிறோம், குளோரியா திங்கள்லேர்ந்து வராதுன்னு சொல்லிட்டேன். நீ எப்பிடி போய் கேப்பேன்னு தயங்கிக்கினு நிப்ப, அதான் நானே. அவங்க ரொம்ப சந்தோசப்பட்டாங்க. அந்த சூப்பர்வைசர் போஸ்ட்ட உன் லைன்ல தைக்கிற தர்ஷினிக்கு குடுத்துட்டாங்களாம், நைட்டே மெசேஜ் போட்ருந்தாங்க. உனக்கு ஒரு கேக்கு வெட்டி அனுப்பணுமாம்."

செம்பிலிருந்த தண்ணீர் கொஞ்சம் தரையில் சிந்தியது. அவள் செம்பை மேசையில் வைத்தாள். தலையிலிருந்து குளியல் தொப்பியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். வெளியே சிரிலின் ரம்பம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்."

"கேட்டா நீ வேணான்னா சொல்லப் போற? உனுக்காகத்தான குளோரி எல்லாம். இந்த விரலு போனாக்கூட பரவால்ல, உன்ன இனிமே..."

அவன் கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினான். வெள்ளைத் துணியில் ரத்தம் ஒரு பொட்டு அளவுக்கு ஊறியிருந்தது. அவள் அதையே பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த காம்பஸை எடுத்தாள். அலமாரிக்கு அந்தப் பக்கம், காந்தம் எதுவும் இல்லாத தரையில், எப்போதும் பொட்டு வைக்க உட்காரும் இடத்தில் கொண்டுபோய் வைத்து, தானும் உட்கார்ந்தாள்.

"இங்க வாங்க."

அவன் வந்து குனிந்தான். முள் ஆடி நின்றது.

"எங்க காட்டுது?"

"பாத்ரூம. அதான் பொரண்டு போச்சுன்னேனே."

"செவ்வாக்கெழம காலைல மொத காந்தத்த எடுக்கறதுக்கு முன்ன நான் இத இங்க வெச்சேன். எப்பவும் வெக்கற மாதிரி. அன்னிக்கும் பாத்ரூமத்தான் காட்டுச்சு."

டிரேவர் நிமிரவில்லை.

"எந்த பக்கம் கிழக்குன்னு எனக்கு தெரியும்," என்றாள். "ரைட் சைடு பாடாது, அவ்ளோதான்னு நெனச்சேன். கைய கடிக்கும்னு சத்தியமா தெரியாது."

"நீ பாத்த."

"பாத்தேன்."

"பாத்துட்டா வெச்ச?"

குளோரியா காம்பஸைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினாள்.

"பாத்துட்டுத்தான் வெச்சேன். ஏழும்."